டிக்கெட் வாங்கிக்கொண்டு ஓட வந்தவர்கள்

சரித்திரம் எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு பழைய மனஸ்தாபம் உண்டு. ராஜா படையெடுத்தான், கோட்டையைப் பிடித்தான், பட்டம் சூட்டிக்கொண்டான் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். படைக்குச் சோறு போட்டது யார், வண்டி மாட்டுக்கு வைக்கோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் பதில் வராது. நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு பாத்திரத்தை வெளியூருக்கு அனுப்ப வேண்டுமென்றால், அவன் பையில் ரயில் சார்ஜுக்குப் பணம் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வேன். இல்லாவிட்டால் வாசகர் விடமாட்டார். "அவன் எப்படி ஐயா போய்ச் சேர்ந்தான்?" என்று கடிதம் எழுதிக் கேட்டுவிடுவார். சரித்திராசிரியர்களுக்கு அந்தப் பயம் கிடையாது.

மாரத்தான் ஓட்டத்தின் சரித்திரத்தைப் படிக்க உட்கார்ந்தபோது இந்த மனஸ்தாபம் இன்னும் வளர்ந்துவிட்டது. எத்தனை மணி, எத்தனை நிமிஷம், எத்தனை விநாடி என்று துல்லியமாகக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எந்த மைலில் யார் யாரை முந்தினார், எந்த மேட்டில் யாருக்கு மூச்சு வாங்கியது என்பதெல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் ஓட வந்தவரோ வேறு தேசத்துக்காரர். தபால்காரராகவோ மின்சாரக் கம்பெனிச் சிப்பந்தியாகவோ இருப்பார். அவ்வளவு தூரம் தாண்டி அந்தப் பெரிய பட்டணத்துக்கு அவர் எப்படி வந்து சேர்ந்தார்? டிக்கெட்டுக்குப் பணம் ஏது? வீட்டில் என்ன சொல்லிவிட்டு வந்தார்? இந்தக் கேள்விகளை வைத்துக்கொண்டு தேடினேன். கிடைத்த பதில்களைப் பார்த்த பிறகு, 26 மைல் ஓட்டம்கூட எனக்குக் கொஞ்சம் சின்ன விஷயமாகத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. புறப்படும் கோட்டில் வந்து நிற்பதற்குள் இவர்கள் ஓடியிருக்கிற ஓட்டம் அப்படிப்பட்டது.

பந்தயம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1896ஆம் வருஷம் ஏதென்ஸில் ஒலிம்பிக் பந்தயங்கள் மறுபடி உயிர் பெற்றபோது, மிஷேல் பிரேயால் என்ற பிரெஞ்சுப் பண்டிதர் ஒரு யோசனை சொன்னார். மாரத்தான் போர்க்களத்தில் பாரசீகரை வென்ற செய்தியை ஏதென்ஸுக்கு ஓடிவந்து சொல்லிவிட்டு, சொன்ன மாத்திரத்தில் உயிரை விட்டானாமே ஒரு வீரன், அவன் ஞாபகமாக ஒரு நெடுந்தூர ஓட்டம் வைக்கலாம் என்றார். வைத்தார்கள். ஏறக்குறைய 25 மைல். மரூசி என்ற கிராமத்தில் தண்ணீர் சுமந்து பிழைத்த ஸ்பிரிடன் லூயிஸ் என்பவர் ஜெயித்தார். 1908ல் லண்டனில் நடந்தபோது, விண்ட்ஸர் அரண்மனையில் புறப்பட்டு மைதானத்தில் அரச குடும்பம் உட்காரும் இடத்துக்கு எதிரே முடியும்படி பாதையை அளந்தார்கள். அது 26 மைல் 385 கஜம் வந்தது. 1921ல் அதையே சட்டமாக்கிவிட்டார்கள். இன்றைக்கு உலகமெங்கும் ஜனங்கள் கடைசி 385 கஜத்தில் காலை இழுத்துக்கொண்டு வருவதற்கு இங்கிலீஷ் ராஜ குடும்பத்தின் நாற்காலிகள்தான் காரணம்.

இந்த ஓட்டக்காரர்களை அமெச்சூர்கள் என்று சொல்வார்கள். நம் ஊர் நாடக சபாக்களின் தயவால் இந்த வார்த்தை நமக்குப் பழக்கமானதுதான். பகலில் ஆபீஸில் கணக்கு எழுதிவிட்டு ராத்திரி ராஜா வேஷம் கட்டுகிறவருக்கு அமெச்சூர் நடிகர் என்று பெயர். ஆசை என்ற பொருள்படும் லத்தீன் வார்த்தையிலிருந்து வந்தது அது. ஆசைக்குச் சம்பளம் கிடையாது. அதனால் கைக்காசு போட வேண்டியிருக்கிறது.

கைக்காசும் இல்லாதவர் என்ன செய்வார்? கியூபா தேசத்துத் தபால்காரர் பெலிக்ஸ் கார்வஹால் என்ன செய்தார் என்று பாருங்கள். 1904ல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஒலிம்பிக் நடந்தது. போக வேண்டுமென்று இவருக்கு ஆசை. சர்க்கார் அனுப்பவில்லை. தம் ஊரில் ஜனங்களுக்கு முன்னால் ஓடிக் காட்டி, வசூல் செய்து, கப்பலுக்குப் பணம் சேர்த்தார். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தில் இறங்கினார். இறங்கிய இடத்தில் சூதாட்டம் நடந்துகொண்டிருந்தது. மிச்சம் இருந்த பணம் அவ்வளவும் பகடையில் போயிற்று என்று சொல்கிறார்கள். நளனுக்கே அந்தக் கதி என்றால் தபால்காரர் எம்மாத்திரம்? அங்கிருந்து செயின்ட் லூயிஸ் வரையில் நடந்தும், போகிற வண்டிகளில் ஏறிக்கொண்டும் போனார். பந்தய இடத்தில் வந்து நின்றபோது முழுக்கால் சட்டையும் கனத்த பூட்ஸுமாக நின்றார். வேறொரு பந்தயத்துக்காக வந்திருந்தவர் இரக்கப்பட்டுக் கத்திரிக்கோலால் அந்தச் சட்டையை முழங்காலோடு வெட்டிவிட்டார். வெயிலும் புழுதியும் கண்ணை மறைத்த அந்தப் பாதையில் புறப்பட்ட 32 பேரில் 14 பேர்தான் முடித்தார்கள். நம் தபால்காரர் வழியில் வேடிக்கை பார்க்கிறவர்களோடு பேசிக்கொண்டு, பசிக்கு யாருடைய தோட்டத்து ஆப்பிளையோ தின்று, வயிற்று வலியால் சற்றுப் படுத்திருந்து, அப்புறம் எழுந்து ஓடி நான்காவதாக வந்தார். சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன்.

ஒலிம்பிக் என்பது நாலு வருஷத்துக்கு ஒரு தடவை வரும் திருவிழா. வருஷா வருஷம் தவறாமல் இப்படி ஆட்களை இழுத்த ஊர் பாஸ்டன். ஏதென்ஸுக்குப் போய் அந்த முதல் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு வந்த பாஸ்டன்காரர்களுக்குத் தங்கள் ஊரிலும் ஒன்று வேண்டுமென்று தோன்றியது. மறு வருஷமே, 1897 ஏப்ரலில் நடத்திவிட்டார்கள். புறப்பட்டவர்கள் 15 பேர். ஜெயித்த ஜான் மக்டெர்மட் நியூயார்க் ஆசாமி! ஆக, முதல் ஓட்டத்திலேயே பரிசை வெளியூர்க்காரர் கொண்டுபோய்விட்டார். பரிசு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஜெயித்தவருக்குப் பணம் கொடுக்கும் வழக்கம் பாஸ்டனில் 1986ல்தான் வந்தது. அதுவரை பதக்கம், தலையில் ஓர் இலை வளையம், ஓடி முடித்தவர்களுக்குச் சூடான இறைச்சிக் குழம்பு. அந்தக் குழம்பு பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் வரப்போகிறது; வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

1938ல் இந்தப் பாஸ்டனுக்குக் கிரேக்க தேசத்திலிருந்து ஸ்டிலியானோஸ் கிரியாகிதிஸ் என்பவர் வந்தார். சைப்ரஸ் தீவில் மலைக் கிராமம் ஒன்றில் 1910ல் பிறந்தவர். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து ஓர் இங்கிலீஷ் டாக்டர் வீட்டில் வேலை செய்தபோது, அந்த டாக்டர்தான் இவருடைய காலைக் கவனித்து ஓடத் தூண்டினார். 1936ல் பெர்லின் ஒலிம்பிக்கில் 11வதாக வந்தார். அங்கே ஜானி கெல்லி என்ற பாஸ்டன்காரரோடு சிநேகம் உண்டாயிற்று. அந்தச் சிநேகம்தான் இவரைப் பாஸ்டனுக்கு இழுத்தது. ஆனால் அந்த 1938 பயணம் வீணாகப் போய்விட்டது. புதுப் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஓடி, கால் கொப்புளித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். புதுச் செருப்போடு கல்யாணத்துக்குப் போனாலே என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 26 மைல் ஓடினால் கேட்க வேண்டுமா?

இதோடு கதை முடிந்திருந்தால் அவரைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. ஏதென்ஸுக்குத் திரும்பினார். மின்சாரக் கம்பெனியில் பில் பணம் வசூலிக்கிற வேலை. கல்யாணம் ஆயிற்று. குழந்தைகள் பிறந்தன. அப்புறம் யுத்தம் வந்தது. 1941 ஏப்ரலில் ஜெர்மானியர் ஏதென்ஸைப் பிடித்தார்கள். விளைந்ததைப் படை தின்றது. வெளியிலிருந்து தானியம் வராமல் கடல் வழியைப் பிரிட்டிஷ் கப்பல்கள் அடைத்திருந்தன. இரண்டு பக்கத்துக்கும் நடுவே ஜனங்கள் செத்தார்கள். அந்த வருஷத்துக் குளிர்காலத்தில் ஏதென்ஸ் தெருக்களில் காலையில் பிணங்களை வண்டியில் அள்ளிக்கொண்டு போனார்கள். பஞ்சத்தைப் பாட்டன் பூட்டன் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு நான் இதை விவரிக்க வேண்டியதில்லை. ஒரு நாள் தெருச் சோதனையில் கிரியாகிதிஸ் பிடிபட்டார். அவர் பையில் இருந்த பெர்லின் ஒலிம்பிக் அடையாளச் சீட்டைப் பார்த்துவிட்டு ஜெர்மானிய அதிகாரி போகவிட்டார் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பதக்கம் வாங்காத ஓட்டம் உயிரை வாங்கிக் கொடுத்தது.

1944 அக்டோபரில் ஜெர்மானியர் போனார்கள். ஆனால் பசி போகவில்லை. இரண்டே மாதத்தில் கிரேக்கர்களுக்குள்ளேயே ஏதென்ஸ் தெருக்களில் சண்டை. 1946ல் அது உள்நாட்டு யுத்தமாகவே முற்றியது. இந்தச் சமயத்தில்தான் கிரியாகிதிஸுக்கு ஒரு எண்ணம் தோன்றியது. அமெரிக்காவில் பணம் இருக்கிறது; கிரேக்கர்கள் லட்சக்கணக்கில் குடியேறியிருக்கிறார்கள். கையேந்திக்கொண்டு போனால் வசூல் பில்காரனை யார் ஏறெடுத்துப் பார்ப்பார்கள்? பாஸ்டன் ஓட்டத்தில் ஜெயித்துவிட்டுக் கேட்டால் பத்திரிகைக்காரர்கள் காது கொடுப்பார்கள். வயது 36. பல வருஷமாகச் சரியான சாப்பாடு இல்லாத உடம்பு. விமானச் செலவுக்காக வீட்டுச் சாமான்களை விற்றார்.

இதை நான் வீட்டில் படித்துக் காட்டினேன். "அவர் சம்சாரம் ஒத்துக்கொண்டாளா?" என்று கேட்டாள் என் மனைவி. நல்ல கேள்வி. சரித்திராசிரியர் யாரும் இதை முதலில் கேட்பதில்லை. அந்த அம்மாளின் பெயர் இபிஜீனியா. இரண்டு சிறு குழந்தைகளை வைத்துக்கொண்டு, இருக்கிற நாலு சாமானையும் விற்று, புருஷனை ஓடுவதற்காகக் கடல் கடந்து அனுப்பினாள். சம்மதம் இல்லாமல் நாற்காலி மேஜை வீட்டு வாசற்படியைத் தாண்டியிருக்காது என்பது என் அபிப்பிராயம். அவர் தோற்றிருந்தால்? சாமானும் போய், மானமும் போய், ஊரில் தலைகாட்ட முடியாமல் போயிருக்கும். அந்தப் பந்தயத்தில் இபிஜீனியா வைத்த பணயம் அவர் வைத்ததைவிடக் குறைந்ததில்லை.

பாஸ்டனில் அவரைப் பார்த்த வைத்தியர்கள் பயந்தார்கள். இந்த எலும்புக்கூட்டை ஓடவிட்டால் நடுத்தெருவில் விழுந்து செத்துப்போகும் என்று தயங்கினார்கள். அந்த ஊரில் ஹோட்டல் நடத்திய ஜார்ஜ் டெமெட்டர் என்ற கிரேக்க வம்சத்தவர் அவரை ஆதரித்துச் சாப்பாடு போட்டார். பந்தயத்தன்று அவர் கையில் ஒரு துண்டுக் காகிதத்தைக் கொடுத்தார். ஸ்பார்ட்டா தேசத்துத் தாய்மார்கள் யுத்தத்துக்குப் போகும் பிள்ளையிடம் கேடயத்தைக் கொடுத்து, 'இதோடு வா, அல்லது இதன் மேல் வா' என்பார்களாம். அந்தப் பழைய வாசகம் அதில் எழுதியிருந்தது. நம் புறநானூற்றுத் தாய்மார்களை அறிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இல்லை.

ஓட்டத்தில் யார் எதிரே இருந்தார் தெரியுமா? பழைய சிநேகிதர் ஜானி கெல்லி. முந்தின வருஷம் ஜெயித்தவர் அவர்தான், சொந்த ஊர், வழி நெடுக அவருடைய ஜனங்கள். நியூட்டன் பகுதியின் மேடுகளைத் தாண்டியும் கெல்லி முன்னே போய்க்கொண்டிருந்தார். கடைசியில் கிரியாகிதிஸ் அவரைப் பிடித்து முந்திவிட்டார். நேரம் 2 மணி 29 நிமிஷம் 27 விநாடி. கெல்லி இரண்டு நிமிஷம் பின்னால் வந்தார். அவருக்குக் கோபம் இல்லை. தனக்காக ஓடாமல் ஒரு தேசத்துக்காக ஓடுகிறவனை எப்படி ஜெயிப்பது என்ற மாதிரி சொன்னாராம். தோற்றவர் சொன்ன வார்த்தைகளில் இவ்வளவு அழகானதை நான் அதிகம் படித்ததில்லை.

கிரியாகிதிஸ் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. அமெரிக்காவில் ஏறக்குறைய ஒரு மாதம் தங்கி, கேட்டவர்களிடமெல்லாம் தம் தேசத்தின் பசியைச் சொன்னார். 25,000 டன் உணவும் மருந்தும் துணியும், 2,50,000 டாலர் ரொக்கமும் கிரேக்கத்துக்குப் போயின என்று எழுதியிருக்கிறார்கள். மே மாதம் அவர் ஏதென்ஸுக்கு வந்து இறங்கியபோது தெருவெல்லாம் ஜனக்கடல். யுத்தம் தொடங்கியதிலிருந்து இருண்டு கிடந்த அக்ரோபோலிஸ் குன்றில் அன்று இரவு அவருக்காக விளக்கு ஏற்றினார்கள். மின்சாரக் கம்பெனிச் சிப்பந்திக்கு இதைவிடப் பொருத்தமான மரியாதையை எந்த நாவலாசிரியனும் கற்பனை செய்திருக்க முடியாது. விற்ற நாற்காலிகள் திரும்பி வந்தனவா என்று மட்டும் எங்கும் எழுதவில்லை.

இருபது வருஷம் கழித்து அதே பாஸ்டனுக்கு வேறொருவர் வந்தார். இவர் கடல் கடக்கவில்லை. அமெரிக்காவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு பஸ்ஸில் வந்தார். ஆனால் கிரியாகிதிஸைப் பார்த்து வைத்தியர்கள் தயங்கினார்கள் என்றால், இவருக்கு வாசலையே சாத்திவிட்டார்கள். காரணம், இவர் பெண்.

பாபி கிப் பாஸ்டன் பக்கத்துப் பெண். 1942ல் பிறந்தவர். 1964ல் தகப்பனாரோடு மாரத்தான் பார்க்கப் போனார். பார்த்த மாத்திரத்தில் நாமும் ஓட வேண்டுமென்று தீர்மானித்துவிட்டார். பெண்களுக்கென்று ஓட்டச் செருப்பு கடையில் கிடைக்காத காலம். நர்சுகள் போட்டுக்கொள்கிற வெள்ளைத் தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு பழகினார். அந்தக் கோடையில் ஒரு பழைய வேனும் ஒரு நாய்க்குட்டியுமாக அமெரிக்காவின் குறுக்கே தனியாகப் பிரயாணம் செய்தார். ஒவ்வொரு நாளும் புதிய ஊர், புதிய காடு, புதிய மேடு, தினம் ஓட்டம். ராத்திரி வானத்தடியில் தூக்கம். அப்போது அவருக்கு வயது 21. நம் வீடுகளில் 21 வயதுப் பெண் தனியாகப் பக்கத்துத் தெருவுக்குப் போனாலே எத்தனை பேர் வாசலில் வந்து நிற்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தத் தகப்பனாரிடம்கூட எனக்குக் கொஞ்சம் மரியாதை வருகிறது.

பிறகு ஒரு கடற்படைச் சிப்பாயைக் கல்யாணம் செய்துகொண்டு, மேற்குக் கரையில் சான் டியேகோ நகரத்தில் குடித்தனம் நடத்தினார். 1966 பிப்ரவரியில் பாஸ்டனுக்கு விண்ணப்பம் போட்டார். பந்தய நிர்வாகி வில் க்ளோனியிடமிருந்து பதில் வந்தது. இவ்வளவு தூரம் ஓடுவதற்குப் பெண்களின் உடற்கூறு இடம் கொடுக்காது. சங்கத்தின் விதியும் இடம் கொடுக்காது. அந்த விதிப்படி பெண்கள் பந்தயத்தில் ஒன்றரை மைல்தான் ஓடலாம். இந்தப் பெண்ணோ 30, 40 மைல் ஒரே நாளில் ஓடிப் பழகியவள்! க்ளோனி கெட்ட மனிதர் அல்ல. தம் காலத்து வைத்தியர்கள் சொன்னதை நம்பினார். கிரியாகிதிஸ் செத்துப்போவார் என்று சொன்னதும் வைத்தியர்கள்தான். பாஸ்டன் சரித்திரத்தில் வைத்தியர்களுக்கு நல்ல பெயர் வாங்கிக் கொடுப்பது கஷ்டம்.

கிப் பஸ் டிக்கெட் வாங்கினார். மூன்று இரவு, நான்கு பகல். ராத்திரி பஸ்ஸில் சென்னையிலிருந்து நாகர்கோவில் போனவர்களுக்கே மறுநாள் முழங்கால் நிமிர எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும். இவர் பந்தயத்துக்கு முதல் நாள்தான் தாய் வீட்டில் வந்து இறங்கினார். ஓடப் போகிறேன் என்றதும் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று தகப்பனார் கோபித்துக்கொண்டார். தாயார் முதலில் தயங்கினாள். மறுநாள் காலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு போய், பந்தயம் புறப்படுகிற ஹாப்கின்டன் கிராமத்தில் மகளை இறக்கிவிட்டாள். நீச்சல் உடைக்கு மேல் தம்பியின் அரைக்கால் சட்டை, அதற்கு மேல் தலையை மூடும் நீலச் சட்டை, காலில் பையன்களுக்கு விற்கிற ஓட்டச் செருப்பு. புறப்படும் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு புதருக்குள் பதுங்கிக்கொண்டார். துப்பாக்கி வெடித்தது. பாதிப் பேர் தாண்டியதும் வெளியே பாய்ந்து கூட்டத்தோடு கலந்துவிட்டார்.

புதருக்குள் அவர் என்ன நினைத்தாரோ, பின்னால் பேட்டிகளில் சொன்ன ஒரு விஷயம் என்னைத் தைத்தது. ஓடி முடிக்காமல் வழியில் விழுந்துவிட்டால், 'பார்த்தீர்களா, பெண்களால் முடியாது' என்று பல வருஷத்துக்குச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அதற்கு நாம் காரணமாகிவிடக்கூடாது என்பதுதான் அவருடைய பயம். ஆண்பிள்ளை ஒருவன் பாதியில் உட்கார்ந்தால் அவனுக்கு மட்டும்தான் தோல்வி. இவளுக்கு அந்தச் சௌகரியம் கிடையாது.

சில நிமிஷங்களுக்குள் பின்னால் ஓடி வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். பிடித்து வெளியே தள்ளினார்களா? அதுதான் இல்லை. "சட்டை புழுக்கமாக இருக்கிறது, கழற்றினால் பெண் என்று தெரிந்து நிறுத்திவிடுவார்கள்" என்று இவர் பயந்து சொன்னபோது, "பாதை எல்லாருக்கும் பொது, யார் நிறுத்துகிறார்கள் பார்க்கலாம்" என்ற பாவனையில் அவர்கள் துணைக்கு நின்றார்கள். அவர் சட்டையைக் கழற்றி எறிந்தார். செய்தி அவருக்கு முன்னால் ரேடியோவில் ஓடிற்று. வெல்ஸ்லி என்ற இடத்தில் பெண்கள் கல்லூரி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண்கள் கூட்டமாக நின்று, இவர் வருவதைப் பார்த்து அழுதுகொண்டும் கூச்சல் போட்டுக்கொண்டும் இருந்தார்கள். கடைசி மைல்களில் புதுச் செருப்பு தன் வேலையைக் காட்டிவிட்டது. கிரியாகிதிஸின் பழைய கொப்புளம் போலவே! ஆனால் இவர் நிற்கவில்லை. 3 மணி 21 நிமிஷம் 40 விநாடியில் முடித்தார். அன்று ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். மாகாண கவர்னர் ஜான் வோல்ப் வந்து கை குலுக்கினார்.

இப்போது குழம்புக்கு வருகிறேன். கூட ஓடியவர்கள் உற்சாகமாக, "வா, எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்" என்று கிப்பை அழைத்துக்கொண்டு போனார்கள். வாசலில் இருந்தவர் தடுத்துவிட்டார். ஆண்களுக்கு மட்டும்! கவர்னர் கை கொடுத்தாயிற்று. குழம்பு கொடுக்க மனம் வரவில்லை. பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பும் கலை நமக்கு மட்டும்தான் தெரியும் என்று நான் இதுநாள் வரை நினைத்திருந்தேன்.

மறுநாள் பத்திரிகைகளில் இவருடைய படம் முதல் பக்கத்தில் வந்தது. அந்த வருஷம் முதல் நாலு இடங்களையும் ஜப்பானியர்களே தட்டிக்கொண்டு போயிருந்தார்கள். பாவம், அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய இடத்தை இந்தப் பெண் பிடித்துக்கொண்டாள். 1967லும் 1968லும் கிப் மறுபடி ஓடினார், எண் இல்லாமலே. 1967ல் காத்ரின் ஸ்விட்சர் என்ற இன்னொரு பெண், முழுப் பெயரைச் சொல்லாமல் முதலெழுத்துக்களோடு மனுப் போட்டு எண் வாங்கி ஓடினார். நிர்வாகிகளில் ஒருவர் நடுத்தெருவில் பாய்ந்து அவரைத் தள்ளப் பார்த்த படம் உலகப் பிரசித்தம். அந்தப் படத்தின் புகழில் அதே ஓட்டத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்த கிப்பை ஜனங்கள் மறந்துபோனார்கள். காமிராவுக்கும் சரித்திரத்துக்கும் உள்ள சம்பந்தம் அப்படி. 1972ல் பாஸ்டனில் பெண்களுக்கு வாசல் திறந்தது. 1984ல் ஒலிம்பிக்கில் திறந்தது. கிப்புடைய மூன்று வெற்றிகளையும் பாஸ்டன்காரர்கள் ஒப்புக்கொள்ள 1996ஆம் வருஷம் ஆயிற்று.

அதற்குள் மற்றப் பட்டணங்களும் இந்தப் பைத்தியத்தைப் பிடித்துக்கொண்டன. நியூயார்க்கில் 1970ல் முதல் ஓட்டம். ஒரு பூங்காவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி. நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். 127 பேர் புறப்பட்டு 55 பேர் முடித்தார்கள். அதை வளர்த்தவர் ருமேனியாவிலிருந்து அகதியாக வந்த பிரெட் லெபோ. தாமும் ஓடி, 55 பேரில் 45வதாக வந்தவர். 1976ல் ஊரின் ஐந்து பகுதிகளையும் தொடும்படி ஓட்டத்தைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். 1978ல் நார்வேயிலிருந்து கிரேட்டே வைட்ஸ் என்ற பள்ளிக்கூட ஆசிரியை வந்தார். டிக்கெட் விஷயத்தில் இவர் அதிர்ஷ்டசாலி. முன்னால் வேகமாக ஓடி மற்றவர்களை இழுத்துச் செல்லட்டும் என்று பந்தயக்காரர்களே வரவழைத்தார்கள். இரண்டாவது தேனிலவு மாதிரி இருக்கட்டும், நியூயார்க் பார்த்ததாகவும் இருக்கும் என்று கணவர் சொன்னதை நம்பி வந்தார். மாரத்தான் தூரம் அதுவரை ஓடியதே இல்லை. ஜெயித்ததோடு அதுவரை எந்தப் பெண்ணும் ஓடாத வேகத்தில் ஓடிவிட்டார். முடித்தவுடன் செய்த முதல் காரியம், செருப்பைக் கழற்றிக் கணவர்மேல் எறிந்தது. இனிமேல் ஜன்மத்துக்கும் மாட்டேன் என்றார். அப்புறம் வந்து இன்னும் எட்டுத் தடவை ஜெயித்தார்.

1970ல் 55 பேர் முடித்த அந்த ஓட்டத்தை 2024ல் முடித்தவர்கள் 55,000க்கு மேல். லண்டனில் ஓடுவதற்கு இடம் கேட்டுச் சீட்டுக் குலுக்கலுக்குப் பெயர் கொடுப்பவர்கள் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். தர்ம காரியத்துக்கு இவ்வளவு பணம் வசூலித்துத் தருகிறேன் என்று ஒப்புக்கொண்டு இடம் வாங்குகிறவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. கிரியாகிதிஸ் நாற்காலி விற்றுச் செய்ததை இன்றைக்குப் படிவம் பூர்த்தி செய்து செய்கிறார்கள். அதற்காக அவர்களைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. விடிகாலை நாலு மணிக்கு எழுந்து, தெரு நாய்க்குப் பயந்து, ஆபீஸுக்கு முன்னால் 10 மைல் ஓடிவிட்டு, வருஷம் முழுவதும் சேர்த்த பணத்தை விமான டிக்கெட்டில் போடுகிறவர்கள் நம் ஊரிலும் இருக்கிறார்கள்.

ஹாப்கின்டன் கிராமத்தில் இன்று இரண்டு சிலைகள் உண்டு. ஒன்றில் ஸ்பிரிடன் லூயிஸும் கிரியாகிதிஸும் சேர்ந்து ஓடுகிறார்கள். தண்ணீர் சுமந்தவர் மின்சார பில்காரருக்கு வழி காட்டுகிறார். இன்னொன்று ஓடும் பெண்ணின் சிலை. 2021ல் திறந்தார்கள். அதை வார்த்தவர் பாபி கிப்பேதான். பிற்காலத்தில் அவர் சிற்பியும் ஆனார். 2016ல், அவர் புதரிலிருந்து பாய்ந்து 50 வருஷம் ஆனதற்காக அவரைப் பாஸ்டனில் கௌரவித்தபோது, அந்த வருஷம் பெண்களில் முதலாவதாக வந்த எத்தியோப்பியப் பெண் அட்செடே பாய்சா, தமக்குக் கிடைத்த கோப்பையை அப்படியே கொண்டுபோய்க் கிப்பின் கையில் கொடுத்துவிட்டார்.

பந்தயம் ஏப்ரல் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை. அன்று காலையில் பாஸ்டன் நகரத்துப் பூங்காவில் மஞ்சள் நிறப் பள்ளிக்கூட பஸ்கள் வரிசையாக நிற்கும். உலகத்தின் நாலா மூலையிலிருந்தும் வந்தவர்கள் அதில் ஏறி ஹாப்கின்டன் வரை போய், போன தூரத்தை ஓடியே திரும்ப வேண்டும். அந்த ஒரு பஸ்ஸுக்குத்தான் அவர்கள் தனியாக டிக்கெட் வாங்க வேண்டியதில்லை.